மோசஸ் வண்டி பானட்டில் ஒரு வெள்ளைக் கோடு

1. இட்லி இறங்காத காலை

பயத்தில் எனக்குப் பசி போனது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். என் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே பந்தியில் உட்கார்ந்து எழுப்பி விடப்பட்டவன் நான். மாமனார் இறந்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்று, இரண்டு தெரு தள்ளிப் போய் யாருக்கும் தெரியாமல் பரோட்டா தின்றுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து அழுதவன். அப்படிப்பட்ட எனக்கு அன்று காலை தட்டில் இருந்த இட்லி இறங்கவில்லை.

காரணம் ஒரு கோடு. என் நண்பன் மோசஸின் புதுக் கறுப்புக் காரின் பானட்டில், இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே இருக்கும் பெண்டர் தகட்டிலிருந்து அந்தப் பக்கத்து பெண்டர் வரைக்கும், ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

மோசஸ் என் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, "இன்னா மச்சான் இது, கோடு மாதிரி ஒண்ணு கீது?" என்று கேட்டான்.

மாதிரியெல்லாம் இல்லை. கோடேதான். அதே இடத்தில் பிளேடு வைத்து இழுத்தவன் நான்.

"அது ஒண்ணும் இல்ல மச்சான். பிலிம் செட் ஆவுது" என்றேன்.

பிலிம் செட் ஆவதென்றால் என்னவென்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் நம்பிக்கையோடு தலையாட்டிவிட்டுப் போனான். நான் இட்லியைத் தள்ளி வைத்தேன். என்னைத் திருமணம் செய்துகொண்ட பிறகு முதல் முறையாக, இட்லியைக் கடைக்குக் கொண்டுவந்திருந்த என் மனைவி டாக்டரைக் கூப்பிடலாமா என்று கேட்டாள்.

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பையன்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்று உண்டு. ஜல்லி தெறித்து பெயிண்ட் போகாமல் இருக்க கார் பாடிக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பிலிம் ஒட்டுகிறார்களே, அது தேவைதானா, இல்லை கஸ்டமர் தலையில் மிளகாய் அரைக்கிற வேலையா என்று. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் என் மானம் மிஞ்சும், உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் முழுசாகவே சொல்கிறேன்.

2. கண்ணாடியில் பழகிய கை

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் ஸ்டிக்கர் கடை. இது நடந்தபோது, செல்போனில் இன்கமிங்குக்குக் காசு பிடிப்பதை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். நம்பர் பிளேட், ரேடியம் ஸ்டிக்கர், கார் கண்ணாடிக்குக் கூலிங் பிலிம், இவைதான் வேலை. பைக் டேங்கில் சாமி, ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயர், டிராக்டர் மூஞ்சியில் கட்சிக் கொடி என்று எல்லா மதமும் எல்லாக் கட்சியும் என் கத்தரிக்கோலில் பேதமில்லாமல் வெட்டுப்பட்டன.

ஆனால் என் பெயர் நின்றது கூலிங் பிலிமில். கண்ணாடியில் சோப்புத் தண்ணீர் அடித்து, பிலிமை மேலே போட்டு, ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளி, ஓரத்தில் மிஞ்சியதை அந்தக் கண்ணாடி மேலேயே பிளேடு வைத்து வெட்டி எடுக்க வேண்டும். ஒரே இழுப்பு. கை நடுங்கினால் ஓரம் பல் பல்லாக நிற்கும். நான் பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே, எதிர்க் கடைக்காரரிடம் வம்பு வளர்த்துக்கொண்டே இழுப்பேன். கண்ணாடியை பிளேடு ஒன்றும் செய்யாது. பத்து வருஷம் கண்ணாடி மேலேயே வெட்டிப் பழகிய கைக்கு, கீழே இருப்பது என்ன என்று யோசிக்கும் வழக்கமே போய்விட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வில்லன் என்று யாராவது இருந்தால் அது என் வலது கைதான்.

3. ஜல்லியைக் கொட்டியவனின் பயம்

மோசஸ் சாலவாக்கம் பக்கத்துக்காரன். அவனுடைய அப்பா, அம்மா இருவரும் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நட்டு அறுத்தவர்கள். அவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்துவிட்டு முதலில் டிராக்டர், அப்புறம் கல் உடைக்கும் கிரஷரில் ஜல்லி லாரி ஓட்டினான். லாரி ஓட்டிய எட்டு வருஷத்தில் அவன் லோடுக்கு மேல் தார்ப்பாய் போட்டு நான் பார்த்ததில்லை. தார்ப்பாய் கட்டி அவிழ்க்கிற நேரத்தில் இன்னொரு நடை அடித்துவிடலாம் என்பது அவன் சித்தாந்தம். அவன் லாரிக்குப் பின்னால் போனவர்கள் எல்லோரும் அவனுக்காகத் தினமும் பிரார்த்தனை செய்தார்கள். என்ன வேண்டினார்கள் என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்டவன் லோன் போட்டு, அவன் பரம்பரையிலேயே முதல் காரை வாங்கினான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு பாக்டரியில் வெளிநாட்டு ஆபீசரைக் கூட்டிப்போய்க் கூட்டிவர மாத வாடகைக்கு வண்டி எடுத்தார்கள். கறுப்பு வண்டி என்றால் ஆபீசருக்குப் பிடிக்கும் என்று எவனோ சொன்னதால் கறுப்பையே வாங்கினான். ஆனால் கான்ட்ராக்ட் இன்னும் கைக்கு வரவில்லை. கம்பெனியின் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜ் ஒருநாள் வண்டியைப் பார்ப்பார். புது வண்டியாக, அடிபடாத வண்டியாக இருந்தால் எடுப்பார். இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த வண்டி. அந்த வேலை கிடைக்கவில்லை என்றால் காரை விட்டுவிட்டு மோசஸ் மறுபடி கிரஷரில் போய் நிற்க வேண்டியதுதான்.

இன்சார்ஜ் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. அதுவரை சும்மா நிறுத்த முடியாமல் கல்யாணம், ஆஸ்பத்திரி என்று லோக்கல் சவாரி ஓட்டினான். எந்தப் பக்கம் போனாலும் முன்னால் ஒரு ஜல்லி லாரி.

"மச்சான், நான் எத்தினி பேர் வண்டிய நாசம் பண்ணிகீறேன்னு எனக்குத்தான் தெரியும்" என்றான் ஒருநாள், என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து. "அதெல்லாம் என்னத் தேடிக்கினு பின்னாடி வரும்னு நெனச்சேன். எனக்கு முன்னாடியே போய்க்கினு கீது."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. சென்னையில் நான் கூலிங் பிலிம் வாங்கும் கடையில், வெளிநாட்டுக் கார்களின் பாடிக்கு ஒட்டும் கிளியர் பிலிம் ஒன்றைக் காட்டியிருந்தார்கள். கொஞ்சம் தடி, ரப்பர் மாதிரி இழுபடும், கல் பட்டால் கல்லை வாங்கிக்கொள்ளும், பெயிண்டுக்கு விடாது. அதைச் சொன்னேன்.

மோசஸ் ஆர்வமாகக் கேட்டான், அது என்ன கலர் என்று. கலரே கிடையாது, ஒட்டினால் ஒட்டினதே தெரியாது என்றேன்.

"ஒட்டினதே தெரியாதுன்னா, நீ ஒட்டினன்னு நான் எப்டி நம்பறது?"

அவன் கேட்டது நியாயம்தான். என் கடைக்கு வருகிறவர்கள் பளபளவென்று அரை கிலோமீட்டர் தூரத்தில் தெரிவதற்குத்தான் வருவார்கள். கண்ணுக்கே தெரியாத பொருளை உத்திரமேரூரில் விற்க முயன்ற முதல் ஆள் நான்தான் என்று நினைக்கிறேன்.

இரண்டு கடை தள்ளி டிங்கரிங், பெயிண்டிங் ஷெட் வைத்திருந்த கபார் பாயிடம் அபிப்பிராயம் கேட்டோம். கேட்ட இடமே தவறு. ஜல்லி பட்டுப் பெயிண்ட் போன வண்டிகளை டச்சப் செய்வதுதான் அவருக்குப் பாதி வருமானம்.

"இன்னாத்துக்கு பா பிலிம்?" என்றார். "கல்லு பட்டா என்னாண்ட வா. ஜல்லி லாரி ஓடற வரிக்கும் என் புள்ளைங்க படிப்புக்குக் கவல இல்ல. அதுல மண்ணப் போடாத."

தொழிலில் எங்களுக்குள் வெளிப்படைத்தன்மை இந்த அளவுக்கு இருந்தது. மோசஸுக்கு நான் சொன்னது பிடித்ததா, பாய் சொன்னது பிடிக்காமல் போனதா தெரியவில்லை. பிலிம் ஒட்டுவது என்று முடிவானது.

4. சத்தம் வராத இழுப்பு

சென்னைக் கடையில் ரோலின் கடைசியில் மிஞ்சிய துண்டுதான் கிடைத்தது. மோசஸ் பானட்டின் முன்பாதிக்குத்தான் காணும். கல் படுவது முன்பாதியில்தான், பின்பாதிக்கு ஒட்டுவது வீண் என்று அவனுக்கு விளக்கினேன். எவ்வளவு விஞ்ஞானப்பூர்வமாக விளக்கினேன் என்றால், கடைசியில் நானே நம்பிவிட்டேன்.

கடைக்குப் பின்னால் நிழலில் வண்டியை நிறுத்தி, பானட்டைக் கழுவி, சோப்புத் தண்ணீர் அடித்து, பிலிமைப் போட்டேன். அருமையாக உட்கார்ந்தது. ரப்பர் பட்டையால் தண்ணீரைத் தள்ளினேன். ஹெட்லைட் ஓரத்தில் ஹேர் டிரையரால் சூடு காட்டி மடக்கினேன். பானட்டின் நடுவில் பிலிம் கோணல்மாணலாக முடிந்தது. அதை நேராக வெட்ட வேண்டும். மோசஸ் டீ வாங்கி வந்து நீட்டினான். இடது கையில் டீ கிளாஸ். வலது கையில் பிளேடு. ஒரே இழுப்பு.

கண்ணாடி மேல் பிளேடு போனால் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் வரும். எங்கள் தொழிலில் அந்தச் சத்தம்தான் சங்கீதம். இந்த முறை சத்தம் வரவில்லை. பிளேடு மெத்தென்று போனது. பூசணிக்காயில் கத்தி இறங்குகிற மாதிரி.

அந்தப் பெண்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான், அடியில் கண்ணாடி இல்லை, புது வண்டியின் பெயிண்ட் என்று மூளைக்குச் செய்தி வந்தது. என் மூளைக்குச் செய்தி எப்போதும் டவுன் பஸ்ஸில்தான் வரும்.

குனிந்து பார்த்தேன். ஈரமான கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. துணியால் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. தெரியாததை இல்லாதது என்று முடிவு செய்துகொண்டு, மீதி டீயைக் குடித்தேன். மோசஸ் முன்னால் போய் நின்று, பக்கவாட்டில் போய் நின்று, குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நெஜமாவே ஒண்ணும் தெரில மச்சான்" என்று பாராட்டினான். அவன் பிலிமைச் சொன்னான். நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டேன்.

5. வேண்டுதல்களும் ஒரு மார்க்கர் பேனாவும்

சில வாரம் கழித்துத்தான் நான் முதலில் சொன்ன அந்த வெள்ளைக் கோடு வந்தது. பிலிம் முடிகிற இடத்தில், என் பிளேடு போன அதே பாதையில். கறுப்புப் பெயிண்டை வெட்டினால் உள்ளே வெளிறித் தெரியும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். நாளுக்கு நாள் கோடு பளிச்சென்று ஆனது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கித் துருப்பிடித்து, பானட் இரண்டாகப் பிளந்து, மோசஸ் வெளிநாட்டு ஆபீசரோடு நடுரோட்டில் நிற்பதாகக் கனவு வந்தது.

முதல் வேலையாக ஸ்டேஷனரி கடையில் கறுப்பு மார்க்கர் பேனா வாங்கினேன். மோசஸ் வெற்றிலை வாங்கப் போன இடைவெளியில் கோட்டின் மேல் கோடு போட்டேன். இரண்டே நாளில் மார்க்கரின் மேல் மறுபடி வெள்ளை பூத்தது. வெயிலில் மார்க்கர் வேறு ஊதாவாக மாறியது. இப்போது கோட்டுக்கு இரண்டு கலர்.

அடுத்து தெய்வங்களிடம் போனேன். முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். வண்டி மோசஸுடையது என்பதால் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி. அந்தப் பக்கமாகப் போனபோது தர்காவிலும் ஒரு வார்த்தை. மூன்று இடத்திலும் ஒரே மனுவைக் கொடுத்தால், மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று மூவருமே இருந்துவிடலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

கடைசியில் கபார் பாயிடம் போய், வேறு ஊரில் பிலிம் கடை வைத்திருக்கும் ஒரு சிநேகிதனுக்கு இப்படி ஒரு சிக்கல் என்று ஆரம்பித்தேன். பாய் தட்டிக்கொண்டிருந்த கார் கதவைக் கீழே வைத்தார்.

"அந்த சிநேகிதன் பேரு பாபுவா?"

பாபு என்பது நான்தான். ஒப்புக்கொள்ளவில்லை. மறுக்கவுமில்லை. பாய் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு அவர் கதவைத் திருப்பி, அதில் பிளேடு பட்ட ஓர் இடத்தைக் காட்டிப் பாடம் நடத்தினார். கம்பெனி பெயிண்ட் என்றால் வெட்டுவாயில் மேலே கலர், அதற்குக் கீழே சாம்பல் பிரைமர், அதற்குக் கீழே நேராகத் தகடு. இடிபட்டு ரிப்பேர் பார்த்த வண்டி என்றால் நடுவில் பள்ளத்தை நிரப்பிய பட்டி இருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும்.

"உன் சிநேகிதன் வெட்டினது எவ்ளோ ஆழம்னு பிலிம பிரிச்சாத்தான் தெரியும். பிரிச்சி எட்தா" என்றார்.

அது மட்டும் என்னால் முடியவில்லை. பிரிக்காத வரைக்கும் அது ஒரு கோடு. பிரித்துவிட்டால் அது நான் செய்த காரியம். கம்பெனி இன்சார்ஜ் கூப்பிடும்வரை அந்தப் பிலிம் அப்படியே இருந்து, அவருக்கும் பார்வை கொஞ்சம் மங்கலாக இருந்துவிட்டால் தப்பித்தோம் என்று கணக்குப் போட்டேன்.

இன்சார்ஜ் கூப்பிட்டார். மோசஸ் நேராக என் கடைக்குத்தான் வந்தான். பிலிமைப் பற்றி அவர் ஏதாவது கேட்டால் தனக்குச் சொல்லத் தெரியாது, நீயும் கூட வா என்றான். எனக்கு வயிற்று வலி என்றேன். வழியில் சோடா வாங்கித் தருகிறேன் என்றான்.

6. கம்பெனி கேட்

இன்சார்ஜ் பெயர் சுந்தரம். லாரியில் கிளீனராக ஆரம்பித்து, டிரைவராகி, ஒர்க் ஷாப்பில் இருந்து, இப்போது சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கம்பெனியில் இருக்கிறார் என்று மோசஸ் வழியிலேயே சொல்லியிருந்தான். பார்வை மங்கல் என்ற என் நம்பிக்கை அங்கேயே செத்தது. கேட்டுக்கு வெளியே உச்சி வெயில். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் அதே வேலைக்காக நின்றன.

சுந்தரம் சார் வண்டியை ஒரு சுற்று வந்தார். பானட் முன்னால் நின்றார். விரலால் கோட்டைத் தொட்டார்.

"இன்னாது இது, ஸ்டிக்கரா? கம்பெனி வண்டில ஒரு ஸ்டிக்கரும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேன் இல்ல?"

மோசஸ் அதற்காகவே பின் கண்ணாடியில் இருந்த சிலுவையைக்கூட எடுத்துவிட்டு வந்திருந்தான். அவன் என்னைப் பார்த்தான். நான் முன்னால் வந்து, ஜல்லியிலிருந்து பாதுகாப்பதற்கான வெளிநாட்டு பிலிம் என்று விளக்க ஆரம்பித்தேன். வாக்கியம் பாதியில் இருக்கும்போதே அவர், "எட்து போடு" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹேர் டிரையர் தேவைப்படவில்லை. வெயிலில் பானட் தோசைக்கல் மாதிரி இருந்தது. ஹெட்லைட் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தேன். பிலிம் முழுசாக, ஒரே துண்டாக, பதவிசாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் கடைசிப் பகுதியை இழுத்தேன். திறந்தபோது வெள்ளைக் கோடு அங்கேயே இருந்தது. மோசஸ் வண்டியிலிருந்து பனியன் வேஸ்ட் துணியை எடுத்து, டிக்கியில் கேனில் இருந்த டீசலில் நனைத்துக் கொடுத்தான். அழுத்தித் தேய்த்தேன்.

கோடு துணியோடு வந்துவிட்டது.

அத்தனையும் கிரஷர் தூசி. பிலிம் ஓரத்தில் கசிந்த பசையில் வெள்ளைத் தூசி ஒட்டி, வெயிலில் காய்ந்து, என்னை மூன்று சாமிகளிடம் அனுப்பியிருக்கிறது. என் ஊதா மார்க்கரும் கூடவே போயிற்று. அந்தக் கேட் முன்னால், செக்யூரிட்டி பார்க்க, நான் ஒரு சுற்று ஆடியிருப்பேன். ஆனால் மோசஸின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். அவன் பானட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிலிம் இருந்த முன்பாதி ஷோரூமில் பார்த்த மாதிரி கரேலென்று மின்னியது. பிலிம் இல்லாத பின்பாதி, பெண்டர், கதவு எல்லாம், மோசஸ் தினம் மூன்று வேளை உலர்ந்த துணியால் தூசியைத் தட்டித் தட்டித் துடைத்ததில் கீறி வெளிறிக் கிடந்தன. ஒரே பானட்டில் இரண்டு கறுப்பு.

சுந்தரம் சார் நிதானமாகச் சொன்னார்: "முன்னாடி இடிச்சிட்டு, பாதிக்கு மட்டும் பெயிண்டு அடிச்சி எடுத்தாந்துகீற. தெரியக்கூடாதுன்னு மேல ஸ்டிக்கர் வேற."

மோசஸ் இல்லை என்றான். கர்த்தர் மேல் ஆணை என்றான். வண்டி வாங்கி எத்தனை மாதம் ஆகிறது, எங்கெங்கே போனது என்றெல்லாம் சொன்னான். நான் பிலிமைத் தூக்கி வெயிலில் பிடித்து, அதில் ஜல்லி பட்ட வெள்ளைப் புள்ளிகளைக் காட்டினேன். மறைத்ததற்கு அதுதான் சாட்சி என்ற மாதிரி அவர் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிக்காரன் இன்ஜினை ஸ்டார்ட் செய்தான்.

இதற்கிடையில் என் வலது கை பானட்டின் மேல் இருந்தது. சும்மா வைக்கவில்லை. கோட்டைத் துடைத்தபோது, இடது பெண்டருக்குப் பக்கத்தில், நக நீளத்துக்கு ஓர் இடம் மட்டும் டீசலுக்கும் அசையவில்லை. அங்கே பிளேடு நிஜமாகவே இறங்கியிருந்தது. பார்த்த உடனே உள்ளங்கையால் பொத்திவிட்டேன். தோசைக்கல் என்று சொன்னேன் அல்லவா? கை வெந்துகொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பை மட்டும் விடவில்லை.

"சரி, எட்துக்கினு கெளம்பு. உள்ள பட்டி எவ்ளோ கீதோ" என்று சுந்தரம் சார் திரும்பினார்.

மோசஸ் பேசுவதை நிறுத்திவிட்டான். லாரி ஓட்டிய காலத்தில் ரோட்டில் வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரிடமும் வாய்க்கு வாய் பேசுகிறவன், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. பட்டி என்ற வார்த்தை வேறு காதில் விழுந்துவிட்டது. கபார் பாய் திருப்பிக் காட்டிய கதவு ஞாபகம் வந்தது.

கையை எடுத்தேன்.

"சார், பட்டி கீதா இல்லையான்னு இங்க பாருங்க. நான்தான் வெட்டினேன். கண்ணாடின்னு நெனச்சி பிளேடு போட்டுட்டேன்."

மோசஸ் மெதுவாகத் தலையைத் திருப்பினான். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. சுந்தரம் சார் திரும்பி வந்து குனிந்தார். சட்டைப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அந்த வெட்டுவாயில் நகத்தைக் கொடுத்துச் சுரண்டினார். நகத்தைப் பார்த்தார். மறுபடி சுரண்டினார். மேலே கறுப்பு, கீழே சாம்பல், அதற்குக் கீழே தகடு. மாவு ஒன்றும் உதிரவில்லை.

நிமிர்ந்து, "ஒரிஜினல்தான்" என்றார். அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மோசஸிடம் கேட்டார்: "இவன் உன் பிரெண்டா?"

"இவ்ளோ நேரம் ஆமா சார்" என்றான் மோசஸ்.

சுந்தரம் சார் சிரித்தார். மற்ற இடங்களுக்கு ஒரு ரப்பிங் பாலிஷ் போட்டு, பானட்டை ஒரே கலராக்கி, திங்கட்கிழமை வண்டியோடு வா என்றார். துணியால் உலரத் துடைப்பதை நிறுத்தச் சொன்னார். என்னைக் கம்பெனி கேட் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளவும் சொன்னார்.

7. திரும்பி வந்த வழி

வெந்த கையை ஏசி காற்றில் காட்டிக்கொண்டு வந்தேன். அதைப் பார்த்து மோசஸ் ஏசியை நிறுத்தினான். சாலவாக்கம் ரோடு பிரிகிற இடத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜல்லி லாரி, தார்ப்பாய் இல்லாமல், குதித்துக் குதித்துப் போனது. மோசஸ் வேகத்தைக் குறைத்தான். லாரி தூரத்தில் போய்ப் பொட்டாகும் வரைக்கும் பின்னால் உருட்டிக்கொண்டே வந்தான். அப்புறம் சொன்னான்.

"எட்டு வருசம் நான் ரோட்ல கொட்டின ஜல்லி எல்லாம் சேர்ந்து வந்தும் ஒண்ணும் பண்ல மச்சான். நீ டீ குடிச்சிக்கினே பண்ணிட்ட."

நான் ஜன்னலை இறக்கி, வெந்த கையை வெளிக்காற்றில் நீட்டிக்கொண்டேன்.

இப்போது பையன்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பிலிம் ஒட்டலாமா? ஒட்டலாம். அது கல்லை வாங்கிக்கொள்ளும், சந்தேகமே வேண்டாம். நான் பிரித்தெடுத்த துண்டில் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள் இருந்தன, அடியில் பெயிண்ட் அசையவில்லை. தினமும் கிரஷர் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு அது தேவை. வாரம் ஒருமுறை கோயிலுக்கு எடுக்கிற வண்டிக்கு ஒட்டச் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள். அவர் அடுத்த முறை நம்பர் பிளேட்டுக்கு உங்களிடமே வருவார். ஒட்டினால் அந்தப் பாகம் முழுசுக்கும் ஒட்டுங்கள். துண்டு பத்தவில்லை என்றால் ஒட்டவே ஒட்டாதீர்கள், விஞ்ஞானம் பேசாதீர்கள். முதலில் பேப்பரில் அளவு எடுத்து, டேபிளில் வைத்து வெட்டி, அப்புறம் வண்டிக்குக் கொண்டு போங்கள். பிளேடும் டீயும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. பிளேடு போகிற சத்தம் மாறினால் அந்த நொடியே நிறுத்துங்கள்; பெண்டர் வரைக்கும் போய்விட்டு யோசிக்காதீர்கள். நிறுத்தியதும், பக்கத்தில் நிற்கிற வண்டிக்காரரிடம் அங்கேயே சொல்லிவிடுங்கள். நான் அன்றே சொல்லியிருந்தால் நாலு வசவோடும் ஒரு டச்சப்போடும் முடிந்திருக்கும். மூன்று சாமிகளுக்கும் வேலை மிச்சம். இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, லாரிக்குப் பின்னால் நெருங்கிப் போகாமல் இருப்பதைவிட நல்ல பிலிம் இன்னும் வரவில்லை. இதைச் சொல்வது என் வியாபாரத்துக்கு நல்லதல்ல என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

அந்த நக நீள வெட்டை இனாமாக டச்சப் செய்து தருகிறேன் என்று கபார் பாயைக் கூட்டிக்கொண்டு மோசஸிடம் போனேன். பாய் பிரஷ்ஷும் கறுப்புப் பெயிண்டுமாகத் தயாராக நின்றார். மோசஸ் குறுக்கே வந்து நின்றுகொண்டான்.

"தொடாத பாய். அதான் என் வண்டிக்கு சர்டிபிகேட்டு."

துருப் பிடிக்காமல் இருக்க மட்டும், கீறல் வெளியே தெரிகிற மாதிரி மெலிசாக வார்னிஷ் வைக்க ஒப்புக்கொண்டான். அந்த வண்டியை அவன் விற்கும்வரைக்கும் அந்தக் கீறல் அங்கேயே இருந்தது. விற்கும்போதும் வாங்க வந்தவரிடம் முதலில் அதைத்தான் சுரண்டிப் பார்க்கச் சொன்னானாம். நடுவில் இருந்த அத்தனை வருஷமும், உத்திரமேரூருக்கு வந்தால் வண்டியை என் கடைக்கு எதிரில்தான் நிறுத்துவான். சாலையின் இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தாலும் ரிவர்ஸ் எடுத்து, முன்னால் வந்து, மறுபடி ரிவர்ஸ் எடுத்து, பானட்டில் கீறல் இருக்கிற இடது பக்கம் சரியாக என் கல்லாவைப் பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டு, இறங்கி, எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுத்தான் போவான்.